பதினோரு நிமிஷம்

கதவு திறந்தேதான் கிடக்கிறது.
இருந்தாலும் தட்டுகிறேன்.
"யாரு?"
"கெப்பே. ராத்திரி டியூட்டி."
"ஆளு… இன்னொரு ஆளு?"

ராட்னி கொஸ்கெலா, அறை நூற்றுப் பதினான்கு.
முப்பத்தோரு வருஷம் டுலூத் துறைமுகத்தில்
கிரேன் ஓட்டியவர்.
பக்கவாதம் வந்து இரண்டு வருஷம்.
வலது கையோடு பாதிச் சொற்களும் போயின,
வசவுகள் மட்டும் சேதமில்லாமல் தப்பின.

கழிவறை, என்கிறார். இப்பவே.
அவரைத் தூக்க ஓர் இயந்திரம் உண்டு:
நாலு சக்கரம், ஒரு நீண்ட கை,
அதில் தொங்கும் துணித் தொட்டில்.
இரண்டு பேர் இல்லாமல் தொடக் கூடாது.
ஷெல்பி கிழக்குத் தாழ்வாரத்தில்,
சர்க்கரை இறங்கிப்போன ஒருத்தியின் தலைமாட்டில்.
மூன்றாவது ஆள் பனியில் வண்டி சிக்கி
வரவே இல்லை.

என் முதுகுக்கு ஒரு சபலம்.
தனியாகத் தூக்கிவிடேன், யார் பார்க்கப் போகிறார்கள்?
மன்ரோவியாவில் அரிசி மூட்டை சுமந்த முதுகு.
மூட்டை நழுவினால் அரிசிதான் சிந்தும்.

"இதோ வந்துட்டேன்" என்று சொல்லி
காணாமல் போவது
இந்தக் கட்டடத்தில் ரொம்பப் பழைய பொய்.
நான் சொன்னேன்:
"ஷெல்பி வரப் பத்து நிமிஷம் ஆகலாம்.
குடுவை பிடிக்கட்டுமா?"
"வேண்டாம்."
வேண்டாம் என்றால் வேண்டாம்.
கட்டிலைத் தாழ்த்தி, அருகில் உட்கார்ந்தேன்.
ஜன்னலுக்கு அப்பால் ஏரி,
ஜனவரி, இருட்டு.

ஒன்பதாவது நிமிஷம்
திட்டுவதை நிறுத்தினார்.
எனக்குத் தெரிந்துவிட்டது.
எனக்குத் தெரிந்துவிட்டது என்று
அவருக்கும் தெரிந்துவிட்டது.
சுவர் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதில் ஒரு மீன் வாயைப் பிளந்திருந்தது.

பதினொன்றில் ஷெல்பி.
கதவு சாத்தி, திரை இழுத்து,
வெந்நீரை முதலில் என் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்து,
பிறகு அவர் விரலில் ஒரு சொட்டு: "சூடு போதுமா?"
துடைக்கிற இடம் மட்டும் திறந்திருக்க
மற்றதெல்லாம் போர்வைக்குள்.
ஷெல்பி அவர் உடம்புக்கு மேலாக என்னிடம்
தன் கார் பேட்டரி செத்த கதையைத் தொடங்கினாள்.
ஒரு பார்வை பார்த்தேன்.
நிறுத்தி, அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள்:
"உங்க வண்டி என்ன, ராட்னி?"
"ஃபோர்டு," என்றார்.
அப்புறம், மரியாதைக்குரிய ஒரு வசவு,
ஃபோர்டுக்கு.

மெத்தை மாற்றும் வரை நாற்காலிக்கு.
தொட்டிலை அடியில் விரித்து,
நாற்காலிச் சக்கரத்தின் பூட்டைக் காலால் அழுத்திச் சரிபார்த்து,
நாலு கொக்கி மாட்டினோம்.
"நில்லு. தப்பு."
தப்பில்லை. நான் பார்த்தேன், ஷெல்பியும் பார்த்தாள்.
மணி மூன்று ஆகப்போகிறது,
அடுத்த அறையில் விளக்கு எரிகிறது.
ஆனாலும் ஒவ்வொன்றாகக் காட்டினோம்:
தோள், பச்சை. தோள், பச்சை.
கால், நீலம். இதுவும் நீலம்.
ஒவ்வொன்றையும் அவர் பார்த்த விதம்,
முப்பத்தோரு வருஷம் ஒரு கொக்கியையும்
அடுத்தவன் சொல்லை நம்பி விடாதவர்
பார்க்கிற விதம்.

பிறகு இடது கையை உயர்த்தினார்.
ஆள்காட்டி விரல் மேலே நோக்கி
சின்னதாய் ஒரு வட்டம் போட்டது.
எனக்குப் புரியவில்லை.
"தூக்குன்னு அர்த்தம்," என்றாள் ஷெல்பி,
"என் அண்ணனும் துறைமுகம்தான்."

பொத்தானை அழுத்தினேன்.
தொண்ணூற்றெட்டு கிலோ
மெள்ள, மெள்ள.
பாதி வழியில் கையை இறுக மூடினார்.
நிறுத்தினேன்.
அங்கிருந்து ஜன்னல் வேறு மாதிரித் தெரியுமோ என்னவோ,
என் உயரத்துக்கு இருட்டுதான்.
ஷெல்பியின் கை அவர் முழங்காலில்,
என் கை அவர் முதுகுக்குப் பின்னால்.
யாரும் பேசவில்லை.
பிறகு விரல் கீழே காட்டியது.

இரண்டு ஐம்பத்தெட்டு. ஆடை மாற்றப்பட்டது.
தோல் சிவப்பில்லை. இரண்டு பேர், இயந்திரம்.
படிவத்தில் மிச்சமிருந்த ஓரத்தில்,
காலையில் வருகிறவளுக்காக,
கொட்டை எழுத்தில்:
தூக்குமுன் அவர் விரலைப் பார்.