சேதாரம்

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று வகுப்புகள் பார்த்தேன்.
மூன்று இளஞ்சிவப்புப் பஸ், மூன்று இலவச டிக்கெட்.
போனஸில் ஒரு பங்கை
எதற்கென்று வீட்டில் சொல்லாமல்
அரிசி டப்பா ரசீதுகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

ஃபேர்லேண்ட்ஸில் ஏசி அறை.
ஆளுக்கொரு பசைக்குப்பி.
பட்டு நூல் சுற்றிய வளையல்கள்
யார் கல்யாணத்துக்கோ காத்திருந்தன.
இரண்டே நாள் மேடம்,
சான்றிதழ் முதல் நாளே அச்சாகிவிடும் என்றாள்
வரவேற்பில் இருந்த பெண்.
கற்றுக்கொள்ள வரவில்லை என்றால்?
அப்படி இதுவரை யாரும் இல்லை மேடம்.

அடுத்தது அழகாபுரம், சுடுமண் ஜிமிக்கி.
மண் கைக்கு இதமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.
பிசைந்தேன், உருட்டினேன், ஊசியால் புள்ளி வைத்தேன்.
சூளையில் வைப்பதை மட்டும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம்.
உடைந்தால் உங்களுக்கு மனசு கஷ்டமாகும்,
உடையாததை மட்டும் கொடுத்தனுப்புவோம்.
அங்கேயே சேர்ந்திருப்பேன்.
படிவத்தில் பெயர்கூட எழுதிவிட்டேன், பொற்கொடி என்று.
வயது நாற்பத்தாறு என்று எழுதப் போனபோது
பேனா மக்கர் செய்தது.
உதறி உதறிப் பார்த்துவிட்டு
யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன்.

எனக்கு ஜவ்வரிசி ஆலையில் பரிசோதனைப் பிரிவு.
பத்தொன்பது வருஷமாக வெள்ளையை
இன்னும் கொஞ்சம் வெள்ளையோடு ஒப்பிடுகிறேன்.
மாதிரி எடுப்பேன், எண் போடுவேன், கையெழுத்து வைப்பேன்.
என் கையால் எதுவும் கெட்டதில்லை.
எதுவும் ஆனதுமில்லை.

செவ்வாய்ப்பேட்டையில்
மிளகாய் மண்டிக்குப் பின்னால் ஒரு மாடிப்படி.
தும்மிக்கொண்டே ஏறினேன்.
ஆறு முக்காலி, மடியில் விரித்த தோல்,
கொலுசு வளையம் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள்.
லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கெழுதுகிறவர் ஒருவர்,
நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி.
யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
சொல்லிக்கொடுக்கும் ஜெரினாவுக்கு
என்னைவிட இருபது வயது குறைவு.
புறங்கையில் தீத்தழும்பு,
அதன்மேலேயே மருதாணி போட்டிருந்தாள்.

மாதம் எவ்வளவு என்றேன்.
பதில் சொல்லாமல் தராசில்
நாலு வெள்ளி வளையம் வைத்தாள்.
எடையை நோட்டில் எழுதினாள்.
செய்ங்க, அப்புறம் பேசலாம்.

வெண்காரம் தொட்டு, பொடி தூவி,
டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன்.
முதல் வளையம் ஒட்டவே இல்லை.
அடுத்தது ஒட்டியது, இடுக்கியோடு.
மூன்றாவது சிவந்தது.
போதும் என்றாள் ஜெரினா.
எனக்கு இன்னும் கொஞ்சம் என்று இருந்தது.
வளையம் லேசாகத் தலைகுனிந்தது,
நடுங்கியது,
சட்டென்று தன்னைத் தானே விழுங்கி
உருண்டையாகிக்
கரிக்கட்டி மேல் ஓடியது.

ஜவ்வரிசி.
அதே அளவு.
எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு
காரணம் தெரியாமலே நர்சிங் பெண்ணுக்கும்.

ஜெரினா சிரிக்கவில்லை.
மடித்தோலைத் தட்டி, துளியும் விடாமல் வழித்து
மறுபடி நிறுத்தாள்.
நோட்டில் என் பெயருக்கு நேரே
சேதாரம் என்றொரு கட்டம்.
முப்பது மில்லி என்று எழுதினாள்.

எத்தனை நகைக்கடையில் கேட்ட வார்த்தை!
செய்கூலி சரி,
எவனோ கைதவறி எரித்ததற்கு
நான் ஏன் தரணும் என்று
மகள் காதுகுத்துக்கு மோதிரம் வாங்கும்போதுகூட
மல்லுக்கு நின்றிருக்கிறேன்.
அந்த எவனோ இப்போது நான்.
காது சூடாக இருந்தது, டார்ச்சினாலோ என்னவோ.

பக்கங்களைப் புரட்டினேன்.
லாரி ஆபீஸ்காரர் முதல் வாரம் இருநூறு,
போன வாரம் பன்னிரண்டு,
நடுவில் ஒரு வாரம் ஏனோ முந்நூற்றைம்பது.
ஜெரினா பானு என்று ஒரு பக்கம்.
நேற்றைய தேதி. ஐந்து மில்லி.

மாதம் எவ்வளவு, மறுபடி கேட்டேன்.
நாலாவது வளையம் பாக்கி இருக்கே
என்று டார்ச்சை என் பக்கம் திருப்பி வைத்தாள்.