கிண்ணத்தின் அடியில்

தவசி, கையை எடு.
வாணலி புகையும்போது ஊற்றுகிற சாமான் இல்லை இது.
உன் வண்டியில் இருக்கிற வெள்ளை வினிகரை
பேட்டரிக்குத் தண்ணீர் விடுகிறாற்போல் விடுகிறாய்,
தங்கச்சிமடம் பஸ் ஸ்டாப்பே தும்முகிறது.
இது அரிசிக் காடி. சிவப்பு.
அடுப்பை அணை. ஒரு மூச்சு பொறு.
பிறகு ஓரமாக, ஒரு கரண்டி.
புளியைப்போல் நின்று கொதிக்கிற பொறுமை
இதற்குக் கிடையாது.

எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
சிங்கப்பூரில் ஆறு வருஷம்
கொழுக்கட்டைக் கடையில் கிண்ணம் கழுவினேன்.
நம் கொழுக்கட்டை இல்லை.
உள்ளே இறால்,
விளிம்பெல்லாம் சேலைக் கொசுவம்.
கூடவே உள்ளங்கைக் குழிக்குள் அடங்குகிற ஒரு கிண்ணம்,
அதில் இந்தக் காடி,
அதில் மிதக்கிற இஞ்சி, முடியைவிடச் சற்றே தடிப்பாக.

கழுவுகிறவளுக்கு எல்லாம் தெரியும்.
இஞ்சியை மட்டும் பொறுக்கித் தின்றவன்,
சோயாவைக் கவிழ்த்துக் காடியைக் கறுப்பாக்கியவன்,
நல்லெண்ணெய் ஒரு பொட்டு கேட்டு வாங்கியவள்,
சண்டை போட்டுத் தொடாமலே எழுந்துபோன ஜோடி.
செவ்வாய்க்கிழமை வருகிறவர்
கிண்ணத்தையே தூக்கிக் குடித்துவிடுவார்.
அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.
காலிக் கிண்ணம் வந்தால்
வந்திருக்கிறார் என்று தெரியும்.

இரவில் ஜெபமாலை உருட்டினால்
மணிக்கு மணி அந்தப் புளிப்பு.
புளிப்பு என்று சொல்லிவிடவும் முடியாது.
பின்னால் ஒரு உப்பு,
அதற்கும் பின்னால், கூப்பிட்டால்தான் வருகிற இனிப்பு.

இங்கே ராயன் விடியற்காலையில் கரைக்கு வருகிறான்.
வலையில் ஓலக்கால் நண்டு, நீல முதுகு.
கம்பெனி ஆள் தராசோடு நிற்கிறான்.
கால் முழுசாக இருந்தால் டின்னுக்கு.
ஒரு கால் போனது, இரண்டு கால் போனது,
முதுகு மெத்தென்று இருப்பது எல்லாம்
"அக்கா, இது கழிவு."
சரி, கழிவு எங்களுக்கு.

இட்லிக் கொப்பரையில் ஆவி கட்டி எடுத்தேன்.
மசாலா இல்லை, தேங்காய் இல்லை.
ராயன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"மிளகாயைக் காக்கா தூக்கிட்டுப் போச்சா?"
தொட்டுத் தின்று பார் என்றேன்.
முதல் நண்டுக்கு முகம் சுளித்தான்.
மூன்றாவது நண்டுக்குப் பேச்சில்லை,
ஓடு உடைகிற சத்தம் மட்டும்.

அங்கே சொல்வார்கள், நண்டு குளிர்ச்சி,
அதற்குத்தான் இஞ்சி என்று.
இங்கே சளி பிடித்தால் நண்டு ரசம்.
ஒரே நண்டு.
கடலைத் தாண்டினால் குணம் மாறிவிடுகிறது,
ஆட்களைப்போல.

மூன்று பாட்டில் கொண்டுவந்தேன்.
ஒன்று பெட்டிக்குள் உடைந்து
மைனிக்கு வாங்கிய சேலை முழுக்கக் குடித்தது.
அவள் இன்னும் கட்டுகிறாள்,
மழைக்காலத்தில் லேசாக மணக்கிறதாம்.
ஒன்று ஈஸ்டரோடு தீர்ந்தது.
மூன்றாவதில் இரண்டு விரல் உயரம்,
அதைத்தான் நீ கவிழ்க்கப் பார்த்தாய்.

பதநீரைப் புளிக்கவைத்துப் பார்த்தேன்.
நல்ல காடி, குறை சொல்லமாட்டேன்.
ஆனால் முன்வாசலிலேயே நின்று சத்தம் போடும்.
இது கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நேற்று உன் வண்டியில் புதுப் பலகை பார்த்தேன்.
'சிவப்பு வினிகர் நண்டு, சிங்கப்பூர் ஸ்பெஷல்.'
வெள்ளை வினிகரில் கேசரிப் பவுடர்.
திட்டத்தான் வந்தேன்.
சாப்பிடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே
கொஞ்ச நேரம் நின்றேன்.
ஐஸ் கம்பெனிப் பையன் ஒருத்தன்
தட்டைச் சாய்த்து
மிச்சத்தை உறிஞ்சிக் குடித்துவிட்டுப் போனான்.

நக்கிப் பார்த்தேன்.
உப்பு போடு, தவசி.
ஒரு சிட்டிகை சீனி.
இஞ்சியை நான் அரிந்து தருகிறேன்,
உன் கத்தி விறகு பிளக்கத்தான் லாயக்கு.
கிண்ணத்தை மட்டும் நீயே கழுவு.