ஒரு திறப்பு போதும்

வாளையாறில் எடைமேடைக்கு மேலே
தகரக் கூரை போட்ட அறை.
கணவாய்க் காற்று இரவெல்லாம்
அதன் போல்ட்டுகளை ஒவ்வொன்றாய்ச் சோதிக்கிறது.

நேற்று பதினொன்று நாற்பதுக்கு
நாமக்கல் முட்டை லாரி மேடையேறி நின்றும்
எண் வரவில்லை.
இரண்டு நொடி. மூன்று.
பின்னால் இரண்டு மாநிலத்து ஹாரன்கள்.
சகரியா கண்ணாடியைத் தட்டினான்:
"எந்தா சாரே, உறங்கிப்போயோ?"

உறங்கியது நானல்ல. ஒரு பக்கம்.
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்.
நினைவகம் நிரம்பியபோது கர்னல்
சற்று நேரமாய் யாரும் தொடாததைத் தேடியிருக்கிறது;
எடைக்கணக்கு அகப்பட்டது.
தூக்கி டிஸ்க்கில் ஓரங்கட்டிவிட்டது.
திட்ட முடியாது.
அதற்கு எல்லாமே பக்கம்தான்.

இன்று பூட்டினேன்.
இந்த முகவரியிலிருந்து இத்தனை தூரம்
எதுவும் இடம்பெயரக் கூடாது.
பயத்தில் அதே பக்கத்தை
தொடங்கும்போது ஒருமுறை,
எடை படிக்கும்போது ஒருமுறை,
ரசீது அடிக்குமுன் இன்னொருமுறை.
ரசீது வந்ததும் ஒரே ஒரு திறப்பு,
மூன்றும் போயிற்று.
கர்னல் பூட்டுகளை எண்ணுவதில்லை.
கையேட்டில் இருக்கிறது. படித்துமிருக்கிறேன்.

பாலக்காடு கோர்ட்டிலும் ஒரே கையெழுத்துதான்.
ஒன்பது வருஷத்தில் எத்தனை முறை
பூட்டினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.
பிரசீதா பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது
மூடி என் கையிலேயே இருந்தது.

சரி, வேலைக்கு வருவோம்.
வெளியே சிவப்பில் எண் காட்டும் பலகைக்குத்
தனி பிராசஸ்.
அதே பக்கத்தை அதுவும் பூட்டியிருந்தால்
நான் விட்டாலும் பக்கம் நகராது.
கிளைத்துப் பிறக்கும் பிராசஸுக்குப்
பெற்றதன் பூட்டுகள் வருவதில்லை.
வேண்டுமென்றால் அதுவே பூட்டிக்கொள்ள வேண்டும்.

மிதுனா பூட்டிக்கொண்டிருக்கிறாள்.
வெள்ளிக்கிழமை ராத்திரி,
ஸ்டேஷன் எதிரே பரோட்டாக் கடை,
மூன்று நாற்காலி இழுக்கிறாள்,
மூன்றாவதில் தன் பையை வைக்கிறாள்.
சர்வர் கேட்டால் "ஆள் வரும்" என்கிறாள்.
நான் திருத்துவதில்லை.

இரண்டு பத்து.
பலகையின் கோடில் ஒரு வரி சேர்த்து
மறுபடி ஏற்றினேன்.
முன்சக்கரம், பின்சக்கரம். மேடை ஒருமுறை முனகியது.
உடனே சிவப்பில்
பதினாறாயிரத்து நானூற்று எண்பது.
சகரியா எதுவும் சொல்லாமல்
கியர் போட்டான்.