ஸ்டிக்கர் கிழியாமல்

காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய்.
ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் கிடையாது.
ஆம்பூர் பைபாஸ் கடையில்
கம்பிக்குப் பின்னாலிருந்து ஒருவன் சொன்ன அன்றுதான்
எனக்குக் கணக்கு வந்தது.

அதுவரை தசரதன் குடித்ததையெல்லாம்
பாலாற்றில் எறிந்திருக்கிறேன்.
மணலில் விழுந்தால் உடையாது.
எத்தனை பத்து அங்கே கிடக்கிறதோ.

ஷூ கம்பெனியில் லாஸ்டிங் மிஷின் அவனுக்கு.
நாளெல்லாம் ஆளில்லாத கால்களுக்குத்
தோலை இழுத்து மாட்டியவன்.
ஜெர்மனிக்காரன் ஆர்டரை நிறுத்திவிட்டான் என்றார்கள்.
அந்த ஜெர்மனிக்காரனை எங்களில் யாரும் பார்த்ததில்லை.
பார்த்திருந்தால்
எங்கேயாவது கடிக்கிறதா என்று கேட்டிருப்போம்.

ஆட்களை அனுப்பிய பிறகும்
சங்கு ஆறு மாதம் ஊதிக்கொண்டிருந்தது.
நிறுத்தச் சொல்லி யாரும் யாருக்கும் சொல்லவில்லை.
ஆறு மணிச் சங்குக்கு எழுந்து
சட்டை மாட்டிக்கொண்டு உட்காருவான்.
கடை திறப்பது பன்னிரண்டுக்கு.
'ஆறுலேர்ந்து பன்னண்டு வரிக்கும்
ஒரு ஆம்பளை இன்னா செய்வான், நீயே சொல்லு.'

நான் ஜோடிக் கூலிக்கு
மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தேன்.
தலையை நிமிர்த்தவில்லை.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில்
ஈரலைப் படம் எடுத்துக் காட்டினார்கள்.
தோல் மண்டியில் வளர்ந்த எனக்கு
எது தேறும் எது தேறாது என்று
யாரும் சொல்லத் தேவையில்லை.

குடித்து முடித்ததும்
நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டுவது அவன் பழக்கம்.
'அதெ மட்டும் கிழிக்காத' என்றேன்.
எதற்கென்று கேட்கவில்லை.
கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில்
என் பேச்சை அவன் கேட்டது அது ஒன்றுதான்.

அரிசிச் சாக்கு நிறைந்தது.
ஒருநாள் அவன் குடிக்கவில்லை.
கை நடுங்க நடுங்கச் சோறு தின்றான்,
புளி சரியாக இருக்கிறது என்றுகூடச் சொன்னான்.
சந்தோஷம் வருவதற்குள்
மனசு ஒரு பத்து ரூபாயைக் கழித்துவிட்டது.
அவன் செய்ததையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டேன்.
இதை விட முடியவில்லை.

பக்கத்து வீட்டு ஷாகிரா
பொம்மசந்திராவிலிருந்து போன் போட்டாள்.
கார்மென்ட்ஸ். ஹாஸ்டல் உண்டு.
மிஷினில் உட்காரத் தெரிந்தால் போதும்,
ஆம்பளைங்களை மட்டும் கூட்டி வராதே.

அவனிடம் சொல்லாமல்தான் கிளம்பினேன்.
வண்டி ரெண்டு நிமிஷம் நிற்கும்.
ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான்,
சட்டை பட்டன் மாறிப் போட்டு.
கையில் ஒரு காலி பாட்டில்.
கழுவியிருந்தான்.
'பாரு, கிழியல' என்று
கம்பி வழியாக நீட்டினான்.

வாணியம்பாடி. ஜோலார்பேட்டை.
மடியில் பத்து ரூபாய் இருந்தது.
குப்பம் தாண்டியதும் அது கண்ணாடி.

ஹாஸ்டல் ஜன்னலில் வைத்திருக்கிறேன்.
எதையும் ஊற்றவில்லை, செடி எதுவும் நடவில்லை.
'இது இங்க செல்லாதுக்கா' என்கிறாள்
திருவண்ணாமலைப் பெண்ணொருத்தி.
தெரியும் என்கிறேன்.

இங்கே சங்கு கிடையாது,
விரல் வைத்தால் கதவு திறக்கிறது.
ஒரு மணிக்கு அறுபது காலர் தைக்கிறேன்.
பன்னிரண்டு அடிக்கும்போது மட்டும்
ஊசி ஒரு தையல் தப்பும்.
சூப்பர்வைசர் கன்னடத்தில் ஏதோ கேட்பாள்.

நூல் சரியில்லை என்பேன்.