மூன்றரை முதல் நான்கு

லெந்து நாட்களின் சங்கிலி ஜெபத்துக்கு
ஐயர் ஒட்டிய அட்டவணையில்
எனக்கு விழுந்தது செவ்வாய் பின்னிரவு,
மூன்றரை முதல் நான்கு.
வீட்டுக்கு அரைமணி. கண்ணி அறக்கூடாது.
எனக்கு முன்னால் டெய்லர் ஞானாபரணம்,
பின்னால் ரேச்சலம்மாள் டீச்சர்.

நான் மறந்துபோனேன், அல்லது
மறந்தாற்போல் இருந்துவிட்டேன்:
அதே நேரத்தில்தான் தாமிரபரணி
ராத்திரியெல்லாம் குழாய்க்குள் நடந்து
எங்கள் ஊர்த் தொட்டியில் ஏறி
என் சாவிக்குக் காத்து நிற்கும்.
நாலு நாளைக்கு ஒருக்க.

ஊராட்சி வால்வு ஆபரேட்டர் நான்.
சம்பளம் சொன்னால் நீரே சிரிப்பீர்.

கோவிலுக்குப் போய் முழங்கால் போடுவதா,
தெருவுக்குத் தண்ணீர் திறப்பதா?
சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுமுன் சற்று நின்றேன்.
பணகுடிப் பக்கம் காற்றாலைகளின் சிவப்பு விளக்கெல்லாம்
ஒன்றாக அணைந்தன, ஒன்றாக எரிந்தன.
அதில் பதிலொன்றும் இல்லை.

முதல் குழி கோவில் தெரு.
பலகையைத் தூக்கினால்
ஒரு தேரை, இரண்டு பூரான், நேற்றைய பால் கவர்.
டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கி
முழங்கால் போடாமல் அந்த வால்வு எட்டாது.
இருபது வருஷமாகப் போடுகிறேன்,
அன்றைக்குத்தான் கவனித்தேன்.

பன்னிரண்டு சுற்று.
சுற்றச் சுற்ற வீடுகள் வந்தன, கூப்பிடாமலே:
வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்கு
ஹைகிரவுண்டு பஸ் ஏறும் கிருபைராஜ்,
பிள்ளை பெற வந்திருக்கும் ஜாய்லின்
(அவளுக்கு வெந்நீர் நிறைய வேண்டியிருக்கும்),
துபாயிலிருந்து போன் வராத அந்த வீடு.
பேச்சில் நாங்கள் தண்ணி என்போம்.
நீர் என்பது பஞ்சாயத்து ரசீதிலும்
ஜெபத்தில் உம்மை அழைக்கும்போதும் மட்டும்.
இரண்டும் ஒரே எழுத்து என்று
குழிக்குள் தலையை விட்டபோது தோன்றியது.

பிறகு சுடலைமாடன் தெரு. பிறகு ராவுத்தர் வளவு.
அவர்கள் பெயர் எந்த ஜெபக்குறிப்பிலும் கிடையாது.
குழாயில் உண்டு.

கடைசிக் குழி மேலக்கோடி.
அங்கே பொன்னுத்துரை இருக்கிறான்,
சேகரத் தேர்தலில் என்னை ஏழு ஓட்டில் கவிழ்த்தவன்.
எண்ணும்போது கரண்டு போனது.
போனதா, போக்கினார்களா, உமக்குத் தெரியும்.
அன்றிலிருந்து அந்த வால்வு
ஒன்பது சுற்றில் நின்றுவிடும்.
யாரும் கேட்டால்,
"லைன் கடைசில்லா, பிரஷர் இல்ல" என்பேன்.
அவன் ஒருவனுக்காகப் பதினாலு வீடு
ஒரு குடம் நிறையக் கால்மணி காத்துக் கிடக்கும்.
மூன்று வருஷம்.
பரமண்டல ஜெபத்தில் ஒரு வரி வரும்போது
நான் இருமிக்கொள்வேன்.

ஒன்பது. கை தானாக நின்றது.
டார்ச் மங்கியது. வசனம் ஒன்றும் வரவில்லை.
மன்னிப்பும் வரவில்லை, அதை மறைக்கக் கூடாது.
மாலையோடு வேனில் நின்ற
அவன் மூஞ்சிதான் வந்தது.
பத்து. மூன்று வருஷத்துத் துரு, இறுகிப்போயிருந்தது.
பதினொன்று. சாவியில் ஆளோடு தொங்கினேன்.
பன்னிரண்டில் குழாய் எங்கோ அடியில் முனகி
மண்ணுக்குள் ஓடத் தொடங்கியது.

மணி நாலேகால்.
என் கண்ணி அறுந்துதான் போயிருக்கும்.

விடிந்ததும் ஐயர் அட்டவணையை நீட்டினார்.
என் கட்டம் வெறுமையாக இருந்தது.
"தூங்கிட்டீரோ?"
பேனாவை வாங்கினேன், விரலெல்லாம் துரு.
கையெழுத்துப் போடலாமா கூடாதா என்று
நான் நின்றுகொண்டிருக்கையில்
மேலக்கோடியிலிருந்து பொன்னுத்துரை சம்சாரம்
குடம் வழிந்து முற்றம் சேறான ஆத்திரத்தில்
ஊருக்கே கேட்கக் கத்தினாள்:
"சவத்துத் தண்ணிக்கு இன்னைக்கு என்ன கேடு வந்துச்சு,
இந்தப் பாய்ச்சல் பாயுது!"