பன்னிரண்டாவது வரி

ஊலு நகரில் இரவு மூன்று மணி. மைனஸ் இருபத்தாறு.
ஆஸ்பத்திரி நிலவறையில் விசிறிகளின் இரைச்சல்.
பேக்கப் சர்வரில் நாற்பத்தொரு செஷன்கள்,
பாதி செத்தவை. செத்தும் பிடி விடாதவை,
டேப்பைக் கவ்விக்கொண்டு
பின்னால் நிற்பதற்கு வழிவிடாமல்.

பிர்க்கோ பதினொரு வரியில் ஸ்கிரிப்ட் எழுதினாள்:
பட்டியலைக் கேள். ஆறு மணி நேரம் தாண்டியதா?
எண்ணை எடு. ரத்து செய்.
கிரானில் நேரம் குறித்துவிட்டு
கம்பளிக் காலுறையோடு நாற்காலியிலேயே உறங்கிப்போனாள்.

மூன்றாம் வாரம், லாகில் ஒரே பெயர்
இருபது தடவை:
கூசமோ கிளை, பிரசவப் பிரிவு, ஸ்கேன் படங்கள்.
நைந்த கம்பி வழியே
சொட்டுச் சொட்டாக வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.
தினமும், ஆறு மணி நேரம் ஒரு நிமிடத்தில்
அதன் கழுத்தை நெரித்திருக்கிறது
அவள் எழுதிய வரி.

காபி ஆறிப்போயிற்று.
இன்னொரு வரி சேர்த்தாள்:
பைட்டுகளை எண்ணு, பத்து நிமிடம் தூங்கு, மறுபடி எண்ணு,
நகர்ந்திருந்தால் தொடாதே.

அன்றிரவு ஸ்கிரிப்ட் தூங்கியது.
அவள் தூங்கவில்லை.
ஐந்தரை மணிக்குப் பூட்ஸில் பனியோடு
யொர்மா உள்ளே வந்தான்.
“இன்னுமா ஓடுகிறது அது?”

திரையிலிருந்து கண்ணெடுக்காமல்
உதட்டில் விரல் வைத்தாள்.