தரம்: சி கூட்டல் ஐந்து

மார்ச் இரண்டாம் திங்கள்.
நகரிய அரங்கில் மூன்று மடக்கு நாற்காலி.
போன வெள்ளி மீன்விருந்தின் விலைப்பட்டியலைக்
கரும்பலகையிலிருந்து யாரும் அழிக்கவில்லை.
வீட்டைக் கட்டிப் பார்த்தவர்கள்
பூட்ஸ் பனியை வாசலில் உதறிவிட்டு
ஒவ்வொருவராய் வருவார்கள்.
காக்கைகள் தம் குஞ்சைக்
கருப்பு, கருப்பு என்று சத்தியம் செய்யும் நாள் இது.

நான் பனி வாரும் லாரி ஓட்டுகிறவன்.
ஆண்டில் மூன்று நாள் மட்டும் நீதிபதி.
எண்பது டாலர் கூலி, காப்பி இலவசம்.

பத்தே கால்: வெர்னன் சால்மி, மனைவி கரீட்டா.
ஆல்டர் ஏரிக்கரை, மனை எண் பதினேழு.
மதிப்பீட்டாளர் பெல்லங்கர் கையேட்டைப் புரட்டினார்.
சதுர அடிக்கு இவ்வளவு
கூரைச் சரிவுக்கு இவ்வளவு
மாவட்டப் பெருக்கெண் ஒன்று
தரம்: சி கூட்டல் ஐந்து
தேய்மானம் இரண்டே விழுக்காடு, வீடு புதிது.
இதே வீட்டை இன்று மறுபடி கட்டினால்
இத்தனை ஆகும் என்றார்.

"மறுபடியா?" என்றாள் கரீட்டா.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

வெர்னன் தூண்டில் பெட்டியைத் திறந்தார்.
தக்கைகளும் கொக்கிகளும் இருந்த அறைகளில்
மடித்து மடித்து ரசீதுகள்.
ஒன்றைப் பிரித்தார். வெள்ளை.
இன்னொன்று. அதுவும் வெள்ளை.
கடை எந்திரம் அச்சடித்ததெல்லாம்
இரண்டு கோடையில் வெளுத்துப் போயிருந்தது.
ஆனாலும் படித்தார்.
இது ஜன்னல். இது கூரைத் தகடு.
இது ஆணி, நாற்பது பவுண்டு, மழை பெய்த நாள்.
வெற்றுத்தாளைப் பார்த்துப் படிப்பவரை
எப்படி மறுப்பது?
பெல்லங்கர்கூடத் தலையாட்டினார்.

"பலகை மூன்று மடங்கு விலை விற்ற வருஷம் அது.
மரக்கடைக்காரன் என்னிடம் பிடுங்கியதை
நீங்கள் என் சொத்து என்று எழுதுகிறீர்கள்.
கூலியும் சேர்த்திருக்கிறீர்கள்.
யாருக்குக் கொடுத்தேன் கூலி?
இந்தத் தோளுக்கா?"

தோளுக்கும் சந்தை விலை உண்டு,
அது பக்கம் நாற்பத்தொன்றில் இருக்கிறது
என்றார் பெல்லங்கர், மெதுவாக.
அவரும் வரி கட்டுகிறவர்தான்.

அப்போதுதான் வெர்னன்
வீட்டுக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தொடங்கினார்.
மாடிப்படியில் ஏழாவது படி மட்டும் உயரம் கூட.
வடக்குச் சுவர் காற்றை வடிகட்டித்தான் அனுப்புகிறது,
நிறுத்துவதில்லை.
ஏப்ரல் பிறந்தால் நிலவறையில் கணுக்கால் தண்ணீர்.
சமையலறைத் தரையில் கோலி வைத்தால்
குளிர்பெட்டிக்கு அடியில் போய் நிற்கும்.
சொல்லச் சொல்ல அவர் குரலுக்குக் கொஞ்சம்
ருசி வந்துவிட்டது.
படுக்கையறைக் கதவு, ஐயா,
நிலை கோணல்.
ராத்திரியில் தானாகச் சாத்திக்கொள்கிறது.

"தானாக இல்லை" என்றாள் கரீட்டா.
"நான்தான் சாத்துகிறேன்."

சுவரில் சூடேற்றி ஒருமுறை இருமிற்று.
எழுத்தர் நான்சி பேனாவைத் தூக்கி
என்னைப் பார்த்தாள்: எழுதவா?
நான் ஜன்னலுக்கு வெளியே
என் லாரி சரியாக நிற்கிறதா என்று பார்த்தேன்.
வெர்னன் வெள்ளை ரசீதுகளை
மறுபடி நான்காய் மடித்து
அதே அறைகளில், அதே வரிசையில் வைத்தார்.

ஈரத்துக்காக மூவாயிரத்து எண்ணூறு குறைத்தோம்.
படிக்கு ஒன்றும் இல்லை.
கதவை விவாதிக்கவில்லை.
வரியில் அது வருஷத்துக்கு எண்பத்தொரு டாலர்,
நான் அன்று வாங்கிய கூலியைவிட ஒன்று கூட.
பத்து நாற்பதுக்கு அடுத்தவர் வந்தார்,
படகுக் கொட்டகை, ஆத்திரம் வேறு.

ஏப்ரல் மூன்றாம் வாரம்
உப்புக் கழுவ ஏரிச் சாலையில் போனேன்.
மனை பதினேழில் பம்பு உறுமிக்கொண்டிருந்தது.
மனிதர் தண்ணீர் விஷயத்தில் பொய் சொல்லவில்லை.
நிலவறை ஜன்னலிலிருந்து நீண்ட குழாய்
முற்றத்தைத் தாண்டிச் சாலை ஓரம்வரை.
அதன் முனையைப் பிடித்தபடி
இரவு உடுப்பின் மேல் அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு
கரீட்டா நின்றிருந்தாள்.
உள்ளேயிருந்து அவர் ஏதோ கத்த,
"இன்னும் வருது" என்று இவள் பதிலுக்குக் கத்தினாள்.
கையை உயர்த்தினேன்.
குழாயை ஒரு கைக்கு மாற்றிவிட்டு
அவளும் உயர்த்தினாள்.